புறப்பட்ட பெட்டிக்கே போகும் வயர்

முஸம்மில் மாப்பிள்ளையாகிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. காயல்பட்டினத்தில் கல்யாணம் முடிந்தால் பெண் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை. ஆண்தான் பெட்டி படுக்கையோடு பெண் வீட்டுக்கு வருகிறான். வந்தவனுக்கு அந்த வீட்டில் இரண்டே கடமைகள். ஒன்று, சாப்பிடுவது. இன்னொன்று, போதும் என்று சொல்லாமல் இருப்பது. முஸம்மில் இரண்டையும் குறைவில்லாமல் நிறைவேற்றியதில் நாலு கிலோ ஏறியிருந்தான்.

ஆனால் அவனுக்கு மூன்றாவதாக ஒரு வேலையும் இருந்தது. துபாயில் சொகுசுப் படகுகளுக்கு உள்அலங்காரம் செய்து தரும் ஒரு கம்பெனியில் அவன் டிசைனர். கடலில் ஓடுவதைவிடக் கரையில் கட்டிப்போட்டு விருந்து வைப்பதற்கே வாங்கப்படும் படகுகள் அவை. கம்பெனியை நடத்துபவர் ஜேசுபாதம், தூத்துக்குடிக்காரர். கல்யாணத்துக்கு லீவு கேட்டபோது, ஊரில் இருந்தே வேலை பார்க்கிறேன் என்று முஸம்மில் கெஞ்சினான். அவரும் கடைசியில் இறங்கி வந்தார்.

“சரில. ஒரே ஒரு புராஜெக்ட் அங்கன இருந்து பண்ணிக் காட்டு. வியாழக்கிழமை பன்னெண்டு மணிக்கு கிளையண்ட் ஃபோன் மீட்டிங்குக்குள்ள வருவாரு. நின்ன படம் அவருக்கு ஆகாது. படகுக்குள்ள நடந்து பாக்கணும், சோபாவத் தள்ளிப் போடுன்னா அப்பமே தள்ளணும். நல்லபடியா முடிஞ்சா நீ அங்கனயே கெட. முடியலன்னா பொட்டியக் கட்டிட்டு வந்துரணும். பேச்சு மாறப்படாது.”

இன்று வியாழக்கிழமை. மணி பத்தரை. மேஜை மேல் இரண்டு புத்தம்புது மானிட்டர்கள் கரிச்சட்டியின் அடிப்பாகம் போல் நின்றன.

மானிட்டர்கள் மாமனார் காஜா வாங்கிக் கொடுத்தவை. முப்பது வருஷம் ஷார்ஜாவில் கடை வைத்திருந்த மனிதர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வந்து, மகள் அஃபீஃபா அடையாளம் கண்டுபிடித்து “வாப்பா” என்று ஒட்டிக்கொள்ளும்போது திரும்பி விமானம் ஏறியவர். “என் மகள் ஃபோனுக்கு வாக்கப்பட்டவளா இருக்கக் கூடாது மாப்பிள்ளை. ஊர்ல இருந்து வேலை பார்க்க என்ன சாமான் வேணும், அத மட்டும் சொல்லுங்க” என்றார். முஸம்மில் தன்னிடம் இரண்டு நல்ல மானிட்டர்கள் ஏற்கெனவே இருப்பதாகச் சொன்னான். மாமனார் முகம் சுருங்கியது. பெண் வீட்டில் மாப்பிள்ளை பழைய சாமானோடு உட்கார்ந்திருந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? பழைய மானிட்டர்கள் அன்று மாலையே தூத்துக்குடியில் அவருடைய மச்சான் கடையில் திருட்டுக் கேமராவின் படம் பார்க்கப் போய்ச் சேர்ந்தன. புதியவை வந்தன. நோட்டு அட்டை கனம்தான் இருக்கும். பின்னால் ஒரே ஒரு தண்டர்போல்ட் ஓட்டை, பார்வைக்கு ஃபோன் சார்ஜரின் டைப்-சி ஓட்டை மாதிரியே. டி.வி.க்கெல்லாம் மாட்டும் எச்.டி.எம்.ஐ. போன்ற ஏழைபாழைகளுக்கு அதில் இடமே இல்லை.

இதில்தான் சிக்கல். முஸம்மிலின் கம்ப்யூட்டரில் படத்தை உண்டாக்குவது கிராபிக்ஸ் கார்டு. பெரிய கார்டு, பெரிய விலை. ஆனால் அதில் தண்டர்போல்ட் கிடையாது. தண்டர்போல்ட் இருப்பது அதே பெட்டிக்குள் தனியாகச் செருகியிருக்கும் இன்னொரு சின்னக் கார்டில். அந்தக் கார்டுக்குப் படம் உண்டாக்கத் தெரியாது, வந்ததை வாங்கி அனுப்ப மட்டும் தெரியும். ஆகவே பெட்டியின் முதுகுப் பக்கம், கிராபிக்ஸ் கார்டிலிருந்து புறப்பட்டு ஒரு சாண் தள்ளி இருக்கும் தண்டர்போல்ட் கார்டுக்குள் போக, ஒரு முழ நீளத்தில் இரண்டு வயர்கள் போட வேண்டும். ஒரு மானிட்டருக்கு ஒரு வயர். அவற்றின் ஒரு முனை பெரிசு, மறுமுனை சிறிசு. கார்டோடு கூடவே வந்தவை. தனியாகக் கடையில் கேட்டால் கடைக்காரர் நம்மை மேலும் கீழும் பார்ப்பார்.

நேற்று மாலை எல்லாவற்றையும் மாட்டி, படகைத் திறந்து, உள்ளே ஒரு சுற்று நடந்தும் பார்த்தான். அஃபீஃபா பக்கத்தில் நின்று, “இவ்ளோ பெரிய படகுல கக்கூஸ் எங்க?” என்று கேட்டாள். அவன் கூட்டிப் போய்க் காட்டினான். நம்ம வீட்டு ஹாலைவிடப் பெரிசு என்றாள்.

இன்று காலை வழக்கம்போலத் தன் உம்மாவைப் பார்க்கப் போனான். அதுவும் ஊர் வழக்கம்தான். ராத்திரி பெண் வீடு, காலையில் பெற்றவள் வீடு. பத்து மணிக்குத் திரும்பி வந்தால் அறை பளபளவென்று துடைத்திருந்தது. கம்ப்யூட்டர் மேல் பூவேலை செய்த துணி போர்த்தியிருந்தது. ஊதுபத்தி வாசனை. பெட்டியின் முதுகில் இரண்டு வயர்களையும் காணவில்லை.

பெட்டி மட்டும் உயிரோடு இருந்தது. உள்ளே விசிறி சுற்றியது, விளக்கு மின்னியது. மானிட்டர்களோ, ‘சிக்னல் இல்லை’ என்று ஒருமுறை ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுபடியும் கண்ணை மூடின.

ஒரு கேள்வி கேட்டால் முடிந்துவிடும் காரியம். ‘இங்கே இருந்த வயர் எங்கே?’ ஆனால் பன்னிரண்டு நாள் மாப்பிள்ளை பெண் வீட்டில் நின்றுகொண்டு, ‘என் சாமானைக் காணோம்’ என்று கேட்க முடியுமா? கேட்டால் அது கேள்வி இல்லை, குற்றப்பத்திரிகை. சாயங்கால அசர் தொழுகைக்குள் தெருவில் பாதிப் பேருக்கு அது வயர் என்று தெரிந்திருக்கும். மீதிப் பேருக்கு அது வைரமாகியிருக்கும்.

ஆகவே அவன் கேட்கவில்லை. மேஜைக்கு அடியில் தவழ்ந்து தேடினான்.

“யா அல்லாஹ்!” வாசலில் காஜாவின் குரல். “மாப்பிள்ளை தரையில என்ன செய்றிய?”

“ஒண்ணுமில்ல மாமா. படம் வரல.”

“அதுக்கு நீங்க ஏன் குனியணும்? நாங்க எதுக்கு இருக்கோம்? எந்திரிங்க, எந்திரிங்க.” அவனைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். மானிட்டரின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். ஷார்ஜாவில் அவருடைய டி.வி. அப்படித்தான் வேலை செய்திருக்கிறது. “கரண்டு பத்தல. ஸ்பைக் பஸ்டர் மட்டமானது. நான் ஆறுமுகநேரிக்குப் போய் நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வாரேன். அப்படியே ரிப்பேர் பாக்குற நம்ம நேசக்குமாரையும் வரச் சொல்லுதேன். கை வச்சான்னா ஓடும்.”

“மாமா, வந்து… காலையில இந்த ரூம…”

“சுத்தமா இருக்கா? நானே நின்னு துடைக்கச் சொன்னேன். முக்கியமான மீட்டிங்குன்னு அஃபீஃபா சொன்னா.”

“ரொம்பச் சுத்தமா இருக்கு மாமா.”

காஜா மகிழ்ச்சியோடு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார்.

அஃபீஃபாவிடம் கேட்கலாம் என்றால் அவள் பெரியும்மா வீட்டு விருந்துக்குப் போயிருந்தாள். நாலு முறை அழைத்தான். கைப்பேசி பையிலும், பை ஏதோ அலமாரியிலும் இருப்பதாகத் தோன்றியது. வீட்டு ஆட்களில் மிச்சம் இருந்தது மாமி பதுருன்னிஸா மட்டும். மாமி மாப்பிள்ளையோடு நேரில் பேசுவதில்லை. முன்னால் வருவதும் இல்லை. சொல்ல வேண்டியதைக் கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வார். மகள் அதை மாப்பிள்ளையிடம் சொல்வாள். மாப்பிள்ளை பதிலை மகளிடம் சொல்வான். அது மாமிக்கு நன்றாகக் காதில் விழும். ஆனாலும் மகள் ஒருமுறை திருப்பிச் சொல்வாள். பன்னிரண்டு நாளாக இந்த ஏற்பாடு தடையில்லாமல் நடந்துவந்தது. மகள் இல்லாத நேரத்தில் இரண்டு பக்கமும் சிக்னல் இல்லை.

ஹாலில் ஒரு பெரிய டி.வி. இருந்தது. அதில் எச்.டி.எம்.ஐ. உண்டு. ஆனால் ஹாலில் பதினைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு மீட்டிங் நன்றாக முடிய வேண்டும் என்று மாமி ஏற்பாடு செய்த ஓதல் அது.

பதினொன்றேகாலுக்கு நேசக்குமார் வந்தான். தோளில் ஒரு பை. அதில் உலகத்தில் உள்ள எல்லா வயரும் இருந்தது, வேண்டியதைத் தவிர.

“கும்புடுதேன் பாய். புது மாப்பிள்ள முகத்துல களையே இல்லையே. என்ன, மானிட்டர் சதி பண்ணுதா?” என்று கேட்டபடி பெட்டியின் முதுகைத் திருப்பினான். ஒரு அடாப்டரை எடுத்து மாட்டினான். மானிட்டர் அசையவில்லை. இன்னொன்று. அசையவில்லை.

“இது டைப்-சில இருந்து எச்.டி.எம்.ஐ.க்குப் போறது நேசக்குமார். நமக்கு எச்.டி.எம்.ஐ.ல இருந்து டைப்-சிக்கு வரணும்.”

“திருப்பி மாட்டுனா?”

“திரும்பாது. ஒன்வே.”

“நம்மூரு ஒன்வேல எல்லாரும் ரெண்டு பக்கமும்லா போறான்.” நேசக்குமார் அடாப்டரை வருத்தத்தோடு பார்த்தான். பிறகு தன் கைப்பேசி சார்ஜர் வயரை எடுத்தான். “இதுவும் டைப்-சிதான. ரெண்டு முனையும் ஒண்ணுபோல இருக்கு. நேரே முன்பக்கத்து ஓட்டையில குத்திப் பாப்பமா?”

“அதுல கரண்டு மட்டுந்தான் போவும். படம் போவாது.”

“பாக்கதுக்கு ஒரே அச்சு.”

“பாக்கதுக்குத்தான்.”

“என்னா ஏமாத்து வேல பாய் இது! சரி, வயரச் சொல்லுங்க. எப்படி இருக்கும்?”

முஸம்மில் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “ஒரு முழ நீளம். கருப்பு. ஒரு முனை பெரிசு, ஒரு முனை சின்னது. ரெண்டு இருந்துச்சு. இந்தா, இந்தக் கார்டுல புறப்பட்டு இதே பொட்டியில அந்தக் கார்டுக்குப் போவும்.”

“ஒரே பொட்டிக்குள்ள புறப்பட்டு ஒரே பொட்டிக்குப் போறதுக்கு எதுக்கு வெளிய வரணும்?”

“அத கம்பெனிக்காரன்ட்டதான் கேக்கணும்.”

“அந்த வயரு நம்ம கையில இல்ல. தூத்துக்குடியில ஒருத்தன்ட்ட கேக்கலாம். இருந்தாலும் போக ஒரு மணிநேரம், வர ஒரு மணிநேரம்.”

அப்போது கதவுக்குப் பின்னால் ணங் ணங் என்று சத்தம் கேட்டது. கரண்டியால் கண்ணாடி டம்ளரைத் தட்டுவது. அந்த வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்: தேநீர் தயார், எடுத்துக்கொள்ளலாம். முஸம்மில் எழுந்து போனான். அவன் கதவை நெருங்கியதும் அந்தப் பக்கம் சேலை சரசரத்து விலகியது. முக்காலியில் இரண்டு தேநீர். எடுத்து வந்து குடித்தார்கள். டம்ளரை வைத்ததும் மறுபடியும் ணங் ணங். மறுபடியும் இரண்டு தேநீர். மூன்றாவது முறை டம்ளர் உடைகிற மாதிரி தட்டல் கேட்டது.

“ஒங்க மாமியார் நல்லாக் கவனிக்காங்க பாய்” என்றான் நேசக்குமார், மூன்றாவதை ஊதிக்கொண்டு. “எங்க வீட்டுல தண்ணி கேட்டாலே எந்திரிச்சுப் போய்க் குடிம்பா.”

பதினொன்று நாற்பத்திரண்டுக்கு முஸம்மிலின் கைப்பேசி முனகியது. அஃபீஃபாவிடமிருந்து ஒரு குரல் பதிவு. அவளுடைய குரல் இல்லை. யாரோ அனுப்பியதை அவள் அப்படியே தள்ளிவிட்டிருந்தாள். அழுத்தினான். மாமியின் குரல். கதவுக்குப் பின்னால் மூன்றடி தூரத்தில் நின்று ரகசியமாகப் பேசிய குரல், செல்போன் கோபுரம் கோபுரமாக ஏறி இறங்கி, பெரியும்மா வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்திருந்தது.

“ஏளா அஃபீஃபா, மாப்பிள்ளைட்ட சொல்லு. அவ்வொ தேடுற ரெண்டு வயரும் சம்பந்தி வீட்டுல இருக்கு. ஒன் வாப்பாதான் கழட்டுனாவோ. வாசிங் மெசின் வாங்கும்போது, ஆடாம வர பின்னால லாக்கு போட்டிருப்பான், வீட்டுக்கு வந்ததும் கழட்டிறணும், கழட்டலன்னா மெசின் கெட்டுப் போவும்லா? அது மாதிரின்னு நெனச்சிட்டாவோ. ஒரே பொட்டியில புறப்பட்டு அதே பொட்டிக்குள்ள போற வயரு வேற எதுக்குன்னு கேட்டாவோ. நெய்ச்சோத்துச் சட்டி மூடி ஆட்டோல தெறிச்சிருமேன்னு, காதுக்கு ஒண்ணா அந்த ரெண்டையும் வச்சுக் கட்டித்தான் காலைல சம்பந்தி வீட்டுக்கு அனுப்புனோம். நான் இங்கன டம்ளரத் தட்டித் தட்டிப் பாக்கேன், மாப்பிள்ளை டீயா குடிச்சிட்டு இருக்காவோ…”

முஸம்மில் கதவைப் பார்த்தான். கதவும் அவனைப் பார்த்ததாகவே தோன்றியது.

உம்மாவை அழைத்தான். “உம்மா, அங்க இருந்து சோத்துச் சட்டி வந்துச்சா?”

“நீ அங்க போன பொறவு வந்துச்சு வாப்பா. மாஷா அல்லாஹ், என்ன வாசன! மூடிய என்னா அழகாக் கட்டியிருக்காங்க, ரப்பர்க் கயிறு போட்டு.”

“அந்தக் கயிறு வேணும் உம்மா. இப்பமே. நேசக்குமார்னு ஒருத்தர் வண்டில வாராரு. அத மட்டும் கொடுத்து விடுங்க.”

“கயித்த மட்டுமா? நல்லா இருக்கே! சம்பந்தி வீட்டுச் சட்டி வெறுஞ்சட்டியாவே போவக் கூடாது, அவங்க கட்டுன கயிறு மட்டும் போவலாமாம்! ‘ஒன் சோத்த நீயே கட்டிக்க’ன்னு சொல்ற மாதிரி ஆயிராது? வாடா பலகாரம் சுட மாவு கரைச்சாச்சு. இருபதே நிமிசம். சட்டி நிறைய வச்சு, மூடியக் கட்டி அனுப்புதேன்.”

“உம்மா, என் வேலை போயிரும்.”

“வெறுஞ்சட்டி அனுப்புனா என் மானம் போயிரும். வண்டிக்காரர வரச் சொல்லு.”

தானே ஓடலாம் என்று முஸம்மில் நினைத்தான். அவன் வீடு ஊரின் மறுகோடி. பட்டப்பகலில் புது மாப்பிள்ளை பெண் வீட்டிலிருந்து தலைதெறிக்க ஓடி உம்மா வீட்டுக்குள் நுழைந்தால், அவன் மூச்சு வாங்குவதற்குள் ஜமாத்தில் பஞ்சாயத்துக்கு ஆள் உட்கார்ந்துவிடும். அதோடு பன்னிரண்டு மணிக்கு யாராவது ஒருவர் மீட்டிங்கில் இருக்க வேண்டும். நேசக்குமார் பறந்தான்.

பன்னிரண்டு. முஸம்மில் கைப்பேசியில் மீட்டிங்குக்குள் நுழைந்தான். ஒரு கட்டத்தில் ஜேசுபாதம். இன்னொரு கட்டத்தில் வெள்ளை உடுப்பில் கிளையண்ட், பின்னால் நிஜக் கடல்.

“ஏலே, ஷேர் பண்ணுல” என்றார் ஜேசுபாதம், சிரித்த முகம் மாறாமல் தமிழில்.

“அண்ணாச்சி, ஒரு சின்னப் பிரச்சன. படம் பொட்டிக்குள்ள இருக்கு. வெளிய வர வழியில்ல.”

“கேமராவத் திருப்பி மானிட்டரக் காட்டு.”

காட்டினான்.

“இது யாருல, தாடி வச்சுக்கிட்டு?”

“நான்தான் அண்ணாச்சி. ஸ்கிரீன் கருப்பா இருக்கதால நானே தெரியுதேன்.”

“தெளிவாத்தான் தெரியுத.” ஜேசுபாதம் கண்ணை மூடித் திறந்தார். பிறகு ஆங்கிலத்துக்கு மாறி, படகை வாயால் விவரிக்குமாறு சொன்னார்.

முஸம்மில் விவரித்தான். வலது பக்கம் தேக்குக் கதவு இருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னான். நுழைந்ததும் பன்னிரண்டு பேர் உட்காரும் சோபா, சிப்பியின் உட்பக்க நிறத்தில். சோபாவை இடது பக்கம் தள்ளிக் காட்ட முடியுமா என்று கிளையண்ட் கேட்டார். “தள்ளிவிட்டேன்” என்றான் முஸம்மில். சிறிது நேரம் மூன்று பேரும் தள்ளப்பட்ட சோபாவைப் பற்றி யோசித்தார்கள். ஹாலிலிருந்து ஓதல் சத்தம் கூடியது. அந்நேரம் காஜா உள்ளே வந்தார். புது ஸ்பைக் பஸ்டரை மாட்டினார், மானிட்டரைத் தட்டினார், கைப்பேசியில் ஆள் இருப்பதைக் கண்டு கிளையண்டுக்கு அரபியில் ஸலாம் சொல்லி, உடல்நலம், பிள்ளைகள் நலம் என்று முறையாக விசாரித்தார். கிளையண்ட் மனம் மகிழ்ந்து பதில் சொன்னார். அந்தக் கூட்டத்தில் நல்லபடியாக முடிந்த பேச்சு அது ஒன்றுதான். பன்னிரண்டு இருபதுக்குக் கிளையண்ட் விடைபெற்றார். அடுத்த வாரம் ஆபீசுக்கு நேரில் வருவதாகவும், அங்கே நடந்து பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

ஜேசுபாதம் மட்டும் இருந்தார்.

“எலே முஸம்மில். நான் ஒன்னக் குத்தம் சொல்லல. எனக்கும் வீட்டுக்காரி தூத்துக்குடியிலதான் கெடக்கா. ஆனா அவரு நேர்ல வாரேன்னுட்டாரு. ஆபீஸ்ல யாரு நடந்து காட்டுவா, நானா? எனக்கு அந்த மவுசப் பிடிக்கவே தெரியாதுல.”

“தெரியும் அண்ணாச்சி.”

“என்ன தெரியும்?”

“உங்களுக்குத் தெரியாதுன்னு.”

“வச்சிருதேன். மெயிலப் பாரு.”

காஜா அறை நடுவில் நின்றார். பேச்சு புரிந்துவிட்டது, எதனால் என்பது மட்டும் புரியவில்லை. “ஸ்பைக் பஸ்டர் நல்லதுதான் மாப்பிள்ளை” என்றார். “ரெண்டு வருஷம் கியாரண்டி.” முஸம்மில் தலையாட்டினான். அவர் கழற்றிய லாக்கைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை.

பன்னிரண்டே முக்காலுக்கு நேசக்குமார் சட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். “ஃபோன எடுக்க முடியல பாய், கை பூரா எண்ண. சம்பந்தி வீட்டுல இருந்து வந்த ஆளு சாப்புடாமப் போவக் கூடாதுன்னுட்டாங்க. என்னா வாடா! உள்ள முழு இறால்.” சட்டியின் மூடி இரண்டு காதோடும் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. முடிச்சை அவிழ்க்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. முனைகளில் ஒட்டியிருந்த நெய்யைத் துடைத்து, ஊதி, முஸம்மில் வயர்களை மாட்டினான்.

இரண்டு மானிட்டர்களும் ஒரே நேரத்தில் விழித்தன. காஜா, “அல்ஹம்துலில்லாஹ்!” என்றார். “நான் சொல்லல? கரண்டுதான்.” நேசக்குமாரை அழைத்துக்கொண்டு, சட்டியையும் தூக்கிக்கொண்டு சந்தோஷமாக உள்ளே போனார்.

முஸம்மில் மெயிலைத் திறந்தான். பெரிய திரை, கூர்மையான எழுத்து. திருவனந்தபுரம் – துபாய், திங்கட்கிழமை, ஒருவழிப் பயணம், முப்பது கிலோ.

அஃபீஃபா புர்காவைக்கூடக் கழற்றாமல் மூச்சிரைக்க உள்ளே வந்தாள். “உம்மா மெசேஜுக்கு அப்புறந்தான் உங்க கால் எல்லாம் பாத்தேன், விருந்துல இப்பந்தான் விட்டாங்க. வயர் கிடைச்சுதா? படம் வந்துச்சா?”

“வந்துச்சு.”

“எப்படித் தெரியுது?”

“நல்லாத் தெரியுது.”

அவள் பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள். படித்தாள். இரண்டாவது திரையிலும் அதேதான் இருந்தது, அதையும் படித்தாள். வாப்பாவின் டிக்கெட்டுகளைச் சின்ன வயதிலிருந்தே அவள்தான் படித்துக் காட்டுவாள். எங்கே தேதி இருக்கும் என்று தேட வேண்டியிருக்கவில்லை.

“திங்கள்னா நாலு நாளு” என்றாள்.

“ஆமா.”

“இத அணைங்க.”

அவன் திரையின் கீழ் விளிம்பைத் தடவினான். பட்டன் இல்லை. பக்கவாட்டில் இல்லை. அவள் பின்பக்கம் கையை விட்டுத் தடவினாள், வழுவழுவென்று இருந்தது. மானிட்டரோடு வந்த குறிப்புப் புத்தகத்தில் பார்த்தார்கள். படம் போட்டு எட்டு மொழியில் எழுதியிருந்தது, தமிழில் இல்லை. இருவரும் ஆளுக்கொரு மானிட்டரைப் பிடித்துக்கொண்டு ஓரம் ஓரமாக விரல் நுனியால் அழுத்திக்கொண்டே போனார்கள். இரண்டு திரைகளிலும் டிக்கெட் எரிந்துகொண்டே இருந்தது.